பயிற்சியாளரை மாற்றுவது பற்றி அத்தானின் மூன்று நிமிடங்கள்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. மேடையில் வாசிப்பதற்காக எழுதிய பேச்சு. அது முழுசாக வாசிக்கப்படவில்லை. மிச்சத் தாள்களைக் கிழித்துப்போட மனம் வராமல் கதையாக்கிக்கொண்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

எங்கள் தேசியக் கால்பந்து அணி முப்பத்தெட்டு ஆண்டுகளாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. இந்த முறை ஒரே ஒரு போட்டி பாக்கி, அதுவும் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் போகலாம். ஆனால் அதற்கு முந்தைய போட்டியில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று உதை வாங்கித் திரும்பியிருந்தார்கள். ஊரே கொதித்தது. கால்பந்துச் சங்கம் பதறிப்போய் ஒரு ரசிகர் கூட்டத்தை அறிவித்தது. பெயர் கொடுத்தவர்களில் குலுக்கல் முறையில் இருபது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். கேள்வி ஒன்றுதான்: பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?

குலுக்கலில் அத்தானுக்கு விழுந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் பிழை திருத்துபவன். வீட்டில் கதை எழுதுபவன். மதியம் அத்தான் என் மேசைக்கு வந்து, ஆறாம் வகுப்பு அறிவியலின் மேல் ஹெல்மெட்டை வைத்தார்.

“ஒரு பேச்சு எழுதிக் குடுடா. மூணு நிமிஷம். தூக்கணும்னு எழுது.”

“யாரை?”

“என்னைய இல்ல.”

2

முதல் தொடக்கம்:

பெருமதிப்பிற்குரிய செயலாளர் அவர்களே, கால்பந்து என்பது வெறும் விளையாட்டல்ல, அது ஒரு

(இங்கேயே நின்றுவிட்டேன். ‘அது ஒரு’ என்று வந்தபின் எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை.)

இரண்டாவது:

முப்பத்தெட்டு ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தலை வழுக்கையாகி

அத்தான் கையால் தலையைத் தடவிக்கொண்டார். “இது யாரு?” என்றார். அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் புள்ளிவிவரம் வைத்தேன். சொந்த மைதானத்தில் ஆடிய பதினொரு போட்டிகளில் ஒன்பதில் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள். முன்னால் ஒரே ஆள். போட்ட கோல் மொத்தமே ஆறு. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

“இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான இப்படி இருக்காங்க. நான் சொல்றேன், நீ எழுது.”

“சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “பிரேக் மேலயே கால வச்சிருக்கறவன் வண்டி ஓட்டக் கத்துக்கவே மாட்டான். இந்தாளு பதினோரு பேரு காலுக்கடியிலயும் பிரேக்க மாட்டி விட்டிருக்காரு. இடிச்சிருவோம்னு பயம். பயந்தவன் பக்கத்துல உக்காந்தா கத்துக்கறவனும் பயந்துருவான்.”

எழுதிக்கொண்டே வந்தேன். ‘கத்துக்கறவனும்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

3

ஒரு பாத்திரத்தை எப்போது சந்தேகிக்க வேண்டும்? அவர் வாயில் அவருடைய தொழிலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு வரும்போது.

அத்தானின் கடையில் எப்போதும் ஏழெட்டுப் பெட்டிகள் கதவு கழன்று நிற்கும். வாயு கசிகிறதா என்று பார்க்க, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, குமிழி வருகிறதா என்று மூச்சு விடாமல் குனிந்திருப்பார். அவர் உலகத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். அவருடைய சொந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். “கம்ப்ரசர் போனதுக்குக் கதவ மாத்தறானுங்க. கோச்ச மாத்தி என்னடா ஆகப்போகுது? சங்கம் சரியில்ல. சின்னப் பசங்களுக்கு மைதானம் இல்ல. அந்த மனுஷன் இருக்கறத வச்சு ஓட்டறாரு, விடு.”

ஆமாம். அத்தான் பயிற்சியாளரின் கட்சி. ஐந்து தடுப்பாட்டக்காரர்கள் வேண்டும் என்று மேசையைத் தட்டியவர்.

பிரேக் அவருடையதல்ல. அது அக்காவுடையது.

4

அக்கா வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்றுநராக இருந்தாள். பயிற்றுநர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டி அது. பதினாறு வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்ததால், வீட்டில் போட்டி பார்க்கும்போது எதிரணி நம் கோல் பக்கம் வந்தால் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். ஆனால் வாய் மட்டும் தாக்குதலைப் பற்றித்தான் பேசும்.

ஒரு போட்டி நாளை அப்படியே தருகிறேன். சோற்றுத் தட்டுகள் கழுவப்படாமல் கிடக்கின்றன. நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

“அஞ்சு பேரப் பின்னாடி நிறுத்திட்டு முன்னாடி ஒருத்தன அனுப்பினா, அவன் என்ன தபாலா குடுத்துட்டு வருவான்?” இது அக்கா.

“முன்னாடி போயிட்டுப் பின்னாடி ஆள் இல்லன்னா கோல் வாங்குவோம். அப்ப யாரு பதில் சொல்றது?”

“வாங்கினா வாங்குவோம். கூட ஒண்ணு போடுவோம்.”

“எங்க போட்டீங்க? எந்த வருஷம் போட்டீங்க?”

“போட விட்டாத்தான போடறதுக்கு! முதல்ல அந்த நோட்டுக்காரர வீட்டுக்கு அனுப்பு.”*

* பயிற்சியாளர் ஆட்டம் முழுக்க ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். கோல் விழுந்தாலும் நிமிர மாட்டார். அதனால் எங்கள் வீட்டில் அவர் நோட்டுக்காரர்.

இந்தச் சண்டையில் யாரும் ஜெயித்ததில்லை. போட்டி முடிந்தபின் தட்டு கழுவும்போதும் நடக்கும். மறுநாள் காலையில் அத்தான் வண்டியை உதைத்துக் கிளப்பும்போது, விட்ட இடத்திலிருந்து அக்கா வாசலில் நின்று தொடங்குவாள்.

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வர வேண்டும். பல முறை எழுதிப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள்தான் என்னால் சொல்ல முடிகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் “இண்டிகேட்டர் போடு, ஓரமா நிறுத்து, பதறாத” என்று சொன்னாள். அந்தப் பெண் சரியாக நிறுத்தினாள். “நல்லா நிறுத்தின” என்றாள் அக்கா. அவ்வளவுதான்.)

5

அதன்பின் நான் வாரம் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்து அத்தான் கடைக்குப் போவேன். என்ன பேசுவது? அவர் பெட்டிக்குள் தலையை விட்டிருப்பார். நான் கழற்றிய கதவு ஒன்றில் சாய்ந்திருப்பேன். ஒருநாள் அவராகவே ஆரம்பித்தார்: “பிரேக்குலேருந்து கால எடுக்க மாட்டேங்கறாரே இந்தாளு.”

யோசிக்காமல் சொன்னேன்: “கம்ப்ரசர் போனதுக்குக் கதவ மாத்தினா சரியாயிருமா அத்தான்?”

அவர் தலையை வெளியே எடுத்தார். முகத்தில் வெளிச்சம். “அப்படிச் சொல்லிச் சொல்லியே முப்பத்தாறு வருஷம் போச்சு!” என்று பாய்ந்தார். கடை மூடும்வரை சண்டை போட்டோம்.

அப்படித்தான் கட்சி மாறியது. அவர் அக்காவின் பக்கம் பேசினார். நான் அவர் பக்கம் பேசினேன். இப்படி ஓர் ஏற்பாடு நடக்கிறது என்று இருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. உண்மையில் பேச்சு எழுத உட்கார்ந்து, பேனா நின்ற அந்த மதியம்வரை எனக்கே அது முழுசாக உறைக்கவில்லை.

ஒரே ஒரு முறை ஏற்பாட்டை மீறினேன். மூன்று கோல் வாங்கியதற்கு மறுநாள். எனக்கே வெறுத்துப்போயிருந்தது. “நீங்க சொல்றதுதான் சரி அத்தான். தூக்கிரலாம் அந்தாள” என்றேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “சரின்னா சரி” என்றார். சோப்பு நுரை காயும்வரை ஒரே இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்குவதற்கு முன்பே ஷட்டரை இழுத்துவிட்டார்.

ஒத்துக்கொள்வது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

6

கூட்டம் ஞாயிறு காலை பத்தரைக்கு. சங்கத்தின் அரங்கில் மைதானத்திலிருந்து கொண்டுவந்த நாற்காலிகள்; முதுகில் எண் எழுதியவை. மேடையில் செயலாளர், அவர் முன்னால் ஒரு மேசை மணி. ஓரத்தில், யாரும் எதிர்பார்க்காதபடி, நோட்டுக்காரரே உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு.

ஒரு வங்கி எழுத்தர் கத்தினார். கணக்கு டீச்சர் ஒருவர் முக்கோணம் வரைந்து காட்டினார். ஒரு பெரியவர் பழைய கோல்கீப்பர் ஒருவரைப் பற்றி ஆரம்பித்து அதிலேயே மணி வாங்கினார். பதினான்காவது அத்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் என் தாள்.

“வணக்கம். பிரேக் மேலயே கால வச்சிருக்கறவன் வண்டி ஓட்டக் கத்துக்கவே மாட்டான்” என்று வாசித்தார். சபையில் ஒரு சிரிப்பு. அவர் தாளைப் பார்த்தார். அடுத்த வரி அங்கேதான் இருந்தது. நான்தான் எழுதினேன், எழுத்துப்பிழைகூடக் கிடையாது. அவர் அதை வாசிக்கவில்லை.

“இது நான் சொன்னதில்லிங்க. என் வீட்டுக்காரி சொன்னது. நான் அப்ப என்ன சொன்னேன்னா, கம்ப்ரசர் போனதுக்குக் கதவ மாத்தாதீங்கன்னு சொன்னேன். அதுக்கு அவ, கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு, நீங்க சுவிச்சே போடலம்பா. போட்டா வெடிச்சிரும்டின்னு நான் சொல்லுவேன். வெடிக்கட்டும், ஒரு தடவையாவது ஓடிட்டு வெடிக்கட்டும்பா...”

முதலில் சிரித்தார்கள். அவர் இடப்பக்கம் திரும்பி ஒரு வரி, வலப்பக்கம் திரும்பி ஒரு வரி என்று பேசிக்கொண்டே போனார். குரல் மாறவில்லை, நடிக்கவில்லை. மெல்லச் சிரிப்பு அடங்கியது. மணி அடித்தது. அவர் பாதி வாக்கியத்தில் நின்றார்.

செயலாளர் நல்ல மனிதர்தான். “ஐயா, நான் குறிச்சுக்கணும். வச்சுக்கலாமா, அனுப்பலாமா? உங்க முடிவு என்ன?” என்றார்.

அத்தான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நாங்க இன்னும் பேசி முடிக்கலிங்க” என்றார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செயலாளர் ஏதோ எழுதிக்கொண்டார். ‘நடுநிலை’ என்றுதான் எழுதியிருப்பார்.

7

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் வண்டி நிறுத்தும் இடத்தில் நோட்டுக்காரர் எங்கள் பின்னால் வந்தார். கிட்டத்தில் பார்த்தால் சின்ன மனிதர். தூக்கம் இல்லாத கண்கள். (நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று இந்தப் பகுதியை ஒருமுறை நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் நடந்தது பொய்யாகிவிடுகிறது.)

“அந்தம்மா வேற என்ன சொன்னாங்க?” என்று அத்தானைக் கேட்டார்.

அத்தான் முழித்தார். “உங்கள வீட்டுக்கு அனுப்பணும்னு சொன்னா.”

“அது புரிஞ்சுது. வேற?”

அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். அரை மணி நேரம் வெயிலில் நின்று பேசினார். ஏழாம் நம்பர்காரனை எப்போது மாற்ற வேண்டும் என்று அக்கா சொன்னது, முதல் கோல் விழுந்ததும் ஏன் எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள் என்று கேட்டது, எல்லாம். நோட்டுக்காரர் அவ்வப்போது எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், கையெழுத்து புரியவில்லை. போகும்போது அத்தானின் தோளைத் தொட்டு, “அவங்கள மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?” என்றார்.

“டிக்கெட் கிடைக்கல” என்றார் அத்தான். “அடுத்த தடவ, அடுத்த தடவன்னு...”

(அந்த வாக்கியத்தை அவர்தான் பாதியில் விட்டார். நானல்ல.)

8

சங்கம் கடைசியில் இந்தப் போட்டிவரை பயிற்சியாளர் இருக்கட்டும் என்று முடிவெடுத்தது. நேற்று அணிப் பட்டியல் வந்தது. பின்னால் நான்கு பேர்தான். முன்னால் இருவர். இடது ஓரத்தில் பத்தொன்பது வயதுப் புதுமுகம். அக்காவின் பேச்சுதான் காரணமா? எனக்குத் தெரியாது. அப்படி எழுதச் சொல்லிக் கை அரிக்கிறது. எழுத மாட்டேன்.

அத்தான் கடையில் பட்டியலை இரண்டு முறை படித்தார். பிறகு வெடித்தார்.

“நாலு பேரா? இந்தாளுக்கு என்ன பைத்தியமா? நேத்து முளைச்சவன ஓரத்துல விட்டா, திரும்பி வந்து தடுக்கறது யாரு?”

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருடைய சொந்தக் கட்சி. பழைய தெம்பு. சொல்லிவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்து, பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

நான் அக்காவின் பக்கம் பேச வேண்டும். ஆனால் எதைப் பேசுவது? இந்த அணியை அவள் பார்த்ததில்லை. இந்தப் பையனின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அவள் விட்டுப்போன பேச்செல்லாம் பழைய அணியைப் பற்றியது. அதை நாங்கள் சிக்கனமாகத்தான் செலவழித்தோம், ஆனாலும் தீர்ந்துவிட்டது. இதைப் பற்றி அவள் என்ன நினைப்பாள் என்று தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை.

“சொல்லுடா” என்றார் அத்தான்.

“யோசிச்சு சொல்றேன்” என்று கிளம்பி வந்துவிட்டேன்.

நாளை நான்கு மணிக்குப் போட்டி. முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன். ஜெயிக்கிறோம், அத்தான் எழுந்து நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மறுபடி உட்காருகிறார். தோற்கிறோம், “நான் அப்பவே சொன்னேன்ல” என்று திரும்புகிறார், அந்தப் பக்கம் சுவர். டிரா ஆகிறது, இதற்கு மேல் எழுத முடியவில்லை. மூன்றிலும் அத்தான் தனியாகத்தான் இருக்கிறார். அதனால் மூன்றையும் அடித்துவிட்டேன்.

உங்களைத்தான் கேட்கிறேன். கால்பந்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பத்தொன்பது வயதுக்காரன் தேறுவான் என்று அத்தானிடம் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார். மனதில் பட்டதைச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் குரலை உயர்த்துவார், விரலை நீட்டுவார், உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பார்.

தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.