முட்டிக்கொள்ளாத கணவர்

1.

"உப்பு சரியா இருக்கா?"

"நீ போட்டா சரிதான்."

"போடவே இல்லைங்க."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

இந்தக் கதை பிறந்தது இதிலிருந்துதான். கேட்டவர் என் பல் டாக்டர். பதில் சொன்னவர் அவருடைய கணவர். டாக்டர் இதைச் சொன்னபோது என் வாய் அவர் வசம் இருந்ததால் குறுக்குக் கேள்வி கேட்க முடியவில்லை. மிச்சத்தை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன்.

2.

கணவர், தானாக வீடு பெருக்கும் இயந்திரம் செய்யும் கம்பெனியில் இன்ஜினீயர். அங்கே இயந்திரத்துக்கு யாரும் பெருக்கக் கற்றுத்தருவதில்லை. நூறு இயந்திரங்களை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரி மாற்றி ஓடவிடுவார்கள். சுவரில் முட்டியது கழிவு. முட்டாததை நகலெடுத்து, மறுபடி கொஞ்சம் மாற்றுவார்கள். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறியதும், மனிதன் ஒரே ஆயுளில் பட்டுத் திருந்துவதும் இதே வேலைதான் என்பது அவர் கட்சி.

[இங்கே இரண்டு பக்கம் உயிரியல் இருந்தது. எனக்கே தூக்கம் வந்ததால் அடித்துவிட்டேன்.]

கல்யாண வாழ்க்கையிலும் அதையே செய்தார். மனைவி முகம் சுளித்தால் அந்தப் பழக்கம் அன்றோடு சரி. முதலில் விசிலடிப்பது போனது, பிறகு குறட்டை, அப்புறம் அரசியல், கடைசியாக அபிப்பிராயம்.

3.

கம்பெனியில் ஜெயித்த இயந்திரம் எது தெரியுமா? நகரவே நகராத ஒன்று. அதுதான் எதிலும் முட்டவில்லை.

(இந்த இடத்தில் கணவரை ஃப்ரிஜ்ஜுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கவைத்தேன். மிகையோ என்று சந்தேகம். அடுத்த முறை பல்லைக் காட்டப் போனபோது டாக்டரிடமே கேட்டேன். "உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றார்.)

4.

டாக்டருக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தனியாகத்தான் போக வேண்டும். மறுநாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"போகட்டுமா?"

"உன் இஷ்டம்மா."

"போகலைன்னா?"

"அதுவும் உன் இஷ்டம்தான்."

முடிவு ஒன்று: டாக்டர் ரயிலேறுகிறார். கணவர் பிளாட்பாரத்தில் ஓடி… முடியாது. அவர் நகரமாட்டார்.

முடிவு இரண்டு: அன்றே குறட்டை திரும்பிவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் எந்தப் பிராணியும் மாறியதில்லை.

மூன்றாவது டாக்டருடையது. கணவரின் பதில் மட்டும் உங்கள் பொறுப்பு.

டாக்டர் ஃப்ரிஜ்ஜை இழுத்துத் தள்ளிவைத்துவிட்டு, கணவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். எது காதில் விழுந்தாலும் முகம் சுளிக்காமலிருக்கக் கண்ணாடி முன் பழகிவிட்டு வந்திருந்தார்.

"ரொம்ப வருஷமா மனசுலயே வச்சிருந்தேங்க. ஒரே ஒரு தடவை எங்கூட சண்டை போடுங்க. போகாதேன்னு சொல்லுங்க. சொன்னா நின்னுடுவேன்னு இல்ல. ஆனாலும் சொல்லுங்க."