வெறும் கொழுக்கி

பாசிக்குடா மழையைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. விடுதிகளின் புல்லெல்லாம் கருகி மணலோடு மணலாகிவிட்டது. கடல் மட்டும் கண்ணாடி போலக் கிடந்தது. மூழ்கிச் சுழியோட இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்றார் படகுக்காரர் மஜீட். உதயரூபன் விருந்தாளிகளைத் தனியாகக் கடலடிக்குக் கூட்டிப்போகும் முதல் நாள் அது. போனவர்கள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பினால் வேலை நிரந்தரம். ஒருவர் குறைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

எதையும் ஒருதரம் பார்த்து நம்பும் வழக்கம் அவனுக்கு இல்லை. படகில் ஒரு பலகை உண்டு. அதன் கொழுக்கிகளில் பித்தளைத் தகடுகள் தொங்கும். நீரில் இறங்குகிறவர் தன் தகட்டை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஏறியதும் திரும்பக் கொழுவ வேண்டும். கொழுக்கி வெறுமையாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். ஓரத்துக் கொழுக்கி மட்டும் அவன் வந்த நாளிலிருந்தே வெறுமையாகக் கிடந்து கண்ணை உறுத்தியது. வாழைச்சேனையில் புதுத் தகடு ஒன்று வெட்டுவித்து, அன்று காலை யாரிடமும் சொல்லாமல் அதில் கொழுவியிருந்தான். மஜீட் காக்கா கண்டால் மெச்சுவார் என்று ஓர் ஆசை.

வந்தவர்கள் காத்தான்குடி இர்ஷாத்தும் அவன் மச்சான் ஹலீமும். இர்ஷாத் செங்கடல் ஓரத்து விடுதியொன்றில் சமையல்காரன், லீவில் வந்திருந்தான்.

“அங்க பாலைவனம் நேரா கடலுக்குள்ள இறங்கும் தம்பி. ஒட்டகத்தில வந்து, அதக் கட்டிப்போட்டுட்டுச் சுழியோடுவானுகள்.”

“ஒட்டகமும் சுழியோடுமா மச்சான்?” என்றான் ஹலீம்.

“நீ ஓடினா அதுவும் ஓடும்.”

சிரிப்போடுதான் இறங்கினார்கள். பவளம் வளர்ந்த முருகைக்கல் பாரின் மேலே வெளிச்சம் வலை போல அசைந்தது. நீல மீன்கள் விலகி வழிவிட்டன. உதயரூபன் முன்னால் நீந்தினான். பாரின் விளிம்பைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தான். இர்ஷாத். ஹலீம். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர்.

முகக்கண்ணாடியைத் துடைக்க முடியாது. கண்ணை மூடித் திறந்தான். சுகமா என்று கையால் கேட்டான். இர்ஷாத் சுகம் என்று விரலை வளைத்துக் காட்டினான், ஹலீமும் காட்டினான். மூன்றாமவர் உள்ளங்கையை விரித்து முன்னே நீட்டினார். நில் என்பதற்கான சைகை அது. மற்ற இருவர் தலைக்கு மேலும் குமிழிகள் கொத்துக் கொத்தாய்ப் போய்க்கொண்டிருந்தன. அவர் தலைக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

உதயரூபன் மேலே கைகாட்டினான். ஏறும்போது குனிந்து பார்த்தான். விரித்த கை அப்படியே இருந்தது.

படகில் ஏறியதும் மூவரும் தகடுகளைக் கொழுவினார்கள். பலகை நிரம்பிவிட்டது.

“காக்கா, கீழ ஒராள் நிக்கிறார்.”

“உன்னையும் சேத்து எண்ணியிருப்பாய்,” என்று சிரித்தான் இர்ஷாத். “எங்கட பின்னால ஒருத்தரும் வரல்ல.”

அப்படியும் இருக்கலாம் என்று உதயரூபனுக்கே தோன்றியது. ஆனால் தன்னைத் தானே எப்படிப் பார்த்திருக்க முடியும்?

பலகையைப் பார்த்த மஜீட்டின் கை எஞ்சின் கயிற்றிலேயே நின்றுவிட்டது.

“ஆருடா அந்தத் தகட்டக் கொழுவின?”

“நான்தான் காக்கா. வெறுமையா கிடந்திச்சு…”

“அது நிதுர்ஷன்ட கொழுக்கி. உனக்கு முதல் இங்க நிண்ட பொடியன். போன வருசம் பார்ல சிக்கின நங்கூரத்த எடுக்கப் போனான், வரல்ல. உடலும் கிடைக்கல்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “அவன் எடுத்துப் போன தகட்ட அவனே கொண்டு வரட்டும் எண்டு விட்டிருந்தன். கொழுக்கி வெறுமையா இருந்தா படகு அவனுக்காக நிக்குது எண்டு அர்த்தம். நீ அத மூடிட்டாய் மனே.”

ஒவ்வொரு நாளும் கரைக்குத் திரும்புமுன் காக்கா சிறிது நேரம் பேசாமல் படகை நிறுத்தி வைப்பார். எஞ்சின் ஆறட்டும் என்றுதான் நிற்கிறார் என்று உதயரூபன் நினைத்திருந்தான்.

தகட்டைக் கழற்றிக் காக்காவின் கையில் கொடுத்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை. அது வேறு படகிலிருந்து வழிதவறிய ஆளாக இருந்தால்? காற்று முடிந்து கை நீட்டியிருந்தால்? தான் கண்டது பொய் என்று நம்பிக் கரைக்குப் போய், பிறகு அது மெய் என்று தெரிந்தால்?

“ஒருக்காப் பாத்துட்டு வாறன் காக்கா.”

“சிலிண்டர்ல காத்துக் கொஞ்சம்தான் கிடக்கு. நங்கூரக் கயித்த விடாத.”

கயிற்றைப் பிடித்தபடியே இறங்கினான். பூசகர் வாயைத் துணியால் கட்டிப் பேசாமல் பூசை செய்யும் மண்டூர்க் கோயிலடியில் வளர்ந்தவனுக்கு மௌனம் புதிதல்ல; இந்த மௌனம் வேறாக இருந்தது. மீன் ஒன்றுகூட இல்லை. பாரின் விளிம்பு வரை தேடினான். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். என்ன செய்வதென்று தெரியாமல், அந்த வெறும் நீரைப் பார்த்து வா என்று கையசைத்துவிட்டு மேலே வந்தான்.

“ஒருத்தரும் இல்ல,” என்றான்.

“சரி. நிப்பம்.”

மஜீட் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஓரத்துக் கொழுக்கி வெறுமையாகப் பளபளத்தது. ஹலீமிடம் ஏதோ ஒட்டகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான் இர்ஷாத். காற்றும் இல்லை, அலையும் இல்லை.

அப்போது ஏணி இருந்த பக்கமாகப் படகு மெல்லச் சரிந்தது, கனத்த ஆள் ஒருவர் ஏறினால் சரிவது போல. பிறகு நேராகியது.

மஜீட் திரும்பவில்லை. எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

இர்ஷாத் கதையை நிறுத்தாமலே, இருக்கையில் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.