நாலு வயதுக் கணக்கு வாத்தியார்

புருஷன் பெயரை எழுதலாம், வாயால்தான் சொல்லக்கூடாது. எங்கள் அம்மா எனக்குப் போட்ட கட்டளை இது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் எழுதுவதைத் தடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் சின்னச்சாமி. மாமனார் பெயர் நல்லகாமன். அதையும் நான் சொல்லக்கூடாது. அவர் போய்ச் சேர்ந்த மறு வருடம் எனக்குப் பையன் பிறந்தான். வழக்கப்படி தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டேன். மாமனாருக்குக் கொடுக்கிற மரியாதையைக் குறைக்காமல், ‘சோறு திங்க வாங்கய்யா’ என்பேன். பெற்ற அப்பன் பெயரைச் சொல்லி அதட்ட இவருக்கும் நாக்கு எழாது, இவரும் ஐயா என்றே கூப்பிட்டார். அந்தப் பயல் தன் பெயரே ஐயா என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தான்.

நான் பி.யு.சி. படித்தவள். பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பதையெல்லாம் நம்புகிற ஆளில்லை. ஆனால் நம்பாததைச் சோதித்துப் பார்க்க இவர் ஆயுசுதானா கிடைத்தது?

1981-ல் நாங்கள் நாகமலை புதுக்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். இவர் கணக்கு வாத்தியார். பையனுக்கு இரண்டு வயதாகும்போது பூட்டானுக்கு வேலைக்குப் போனவர், அவனுக்கு நாலு வயது நடக்கும்போது திரும்பி வந்தார். வந்த அன்றைக்கு அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அப்பாடா என்று இவர் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அம்மா, இந்த சார் எப்பப் போவாரு?”

இவர் சிரித்தார். அப்புறம் கொல்லைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். மூன்று மாதம் ஆகியும் அவனுக்கு இவர் சார்தான். மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், நன்றி சார் என்பான். இனிமேல் எந்தச் சீமைக்குப் போனாலும் மூன்று பேரும் சேர்ந்துதான் போவது, இல்லாவிட்டால் ஒருத்தரும் போக வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இவருக்கு வேலை கிடைத்தது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், வீண் வம்பு. மூன்று வருடத்துக்குத் தற்காலிக வேலை. இவருக்கு ஒர்க் பெர்மிட், எனக்கும் பையனுக்கும் இவரைச் சார்ந்தவர்கள் என்று தனிப் பெர்மிட். விண்ணப்பம் தட்ட சிம்மக்கல்லுக்குப் போனோம். அங்கே ஒரு பழக்கடை மாடியில் ஏஜெண்ட் கருத்தக்கண்ணன் டைப்ரைட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். நமக்கு ஏது அது? இனிஷியலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற கூட்டம். கருத்தக்கண்ணன் மோட்டுவளையைப் பார்த்தார். “அப்பா பேரைப் போட்டு விட்ருவோம்ணே. அந்த நாட்டுக்காரனுக்கென்ன தெரியப்போகுது?” என்று தட்டிவிட்டார்.

அதன்படி இவர் சின்னச்சாமி நல்லகாமன். பையன் நல்லகாமன் சின்னச்சாமி. நான் எங்கள் அப்பா பெயரோடு அன்னக்கொடி சோணை. ஒரே வீட்டுக்கு மூன்று குடும்பப் பெயர்.

ஒன்றரை மாதம் கழித்து டெல்லியில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து கவர் வந்தது. இவர் பிரித்துப் படித்தார், திருப்பிப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். என்னவென்று வாங்கிப் பார்த்தேன். நல்லகாமன் சின்னச்சாமி, வயது நாலு, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க அனுமதிக்கப்படுகிறார். சின்னச்சாமி நல்லகாமன், வயது முப்பத்தாறு, அவரைச் சார்ந்தவர். வேலை எதுவும் பார்க்கக்கூடாது, தவறாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும், வெளியே போனால் பெரியவர்கள் துணையோடு போக வேண்டும். அன்னக்கொடி என்பவள் நாலு வயதுக்காரருக்கு மனைவி, முப்பத்தாறு வயதுக்காரருக்குத் தாயார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

இரண்டு பேரும் வேறு வேறு ஆள் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பலாம் என்று இவர் ஓர் ஆபீசுக்குப் போனார். அங்கே ‘மேற்படி இரு பெயர்களும் ஒரே நபரைக் குறிக்கும்’ என்று அச்சடித்த படிவம்தான் இருந்தது. இரண்டும் இரண்டு ஆள் என்று கேட்டு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லையாம். இவர் பையனைத் தூக்கி மேஜைமேல் நிறுத்திக் காட்டியிருக்கிறார். குமாஸ்தா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாயல் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் ஒரே ஆள் என்று உடனே எழுதித் தருகிறேன் என்றாராம்.

டெல்லிக்குக் கடிதம் போட்டோம். திருத்தம் கேட்கும் உரிமை பெர்மிட்காரருக்கு மட்டுமே உண்டு, சார்ந்திருப்பவர் எழுதும் கடிதங்கள் ஏற்கப்படா என்று பதில் வந்தது. பெர்மிட்காரர் அப்போது அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெல்லம் தின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் அந்த நாட்டு அதிகாரி ஒருவர் வாத்தியார்களைப் பார்க்க மதுரைக்கே வந்தார். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் மத்தியானம் வரைக்கும்தான் இருப்பார், அதற்குள் காகிதம் சரியாகாதவர்களின் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கருத்தக்கண்ணன் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆள் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து ரொம்ப அன்பாகச் சிரித்தார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

அதிகாரி ஆஜானுபாகுவான மனிதர். பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல முத்திருளன் என்று ஒரு கிளார்க்கை வைத்திருந்தார். இவர் இங்கிலீஷில் விளக்கப் போனார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பெர்மிட்காரர்தான் முதலில் பேச வேண்டுமாம். பையனைப் பார்த்து, நீங்கள்தான் கணக்கு ஆசிரியரா என்று கேட்டார். அவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டே ஒண்ணு, ரெண்டு, அஞ்சு என்று எண்ணிக் காட்டினான். யாரோடு வந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, “அம்மாவோட. சாரும் வந்திருக்காரு” என்றான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முத்திருளன் அவர் சொன்னதைச் சொன்னார். பிள்ளை இவரை அப்பா என்று சொல்லவில்லை, காகிதமும் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் குழப்பம் இல்லாத பெயர் என்னுடையது ஒன்றுதான். ஆகவே நான் இரண்டு பேரையும் காட்டி, இன்னார் இன்னார் என்று சொல்ல வேண்டும்.

நான் விரலை நீட்டி, “இவுக அவுக. அவுக இவுக மகன்” என்றேன்.

முத்திருளன் தலையில் கைவைத்துக்கொண்டார். விரல் செல்லாது, பெயர் வேண்டும் என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதி எழுதித்தான் இந்தக் கதி, இனிக் காகிதத்தை நம்புவதாக இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கத்தை முத்திருளன் அவருக்கு விளக்கினார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார்.

“அவங்க ஊர்லயும் அப்படித்தானாம்மா” என்றார் முத்திருளன். “அவரு அம்மாவும் மாமனார் பேரச் சாகுற வரைக்கும் சொன்னதே இல்லையாம். அதனாலதான் உங்க வாயால கேக்குறாராம். அப்படிப்பட்ட பொம்பள ஒரு பேரச் சொன்னா, அது பொய்யா இருக்காதாம்.”

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். “விடு தாயி. பாவம், எதுக்கு உனக்கு. இந்த வேலை போனாப் போகுது, நான் மட்டும் எப்பவும்போல பூட்டானுக்குப் போயிட்டு வாரேன்” என்றார்.

எப்பவும்போல என்றால் என்ன? இன்னும் இரண்டு மூன்று வருடம். ஏழு வயதுப் பையன் கட்டிலுக்கு அடியில் போக மாட்டான்; வாசலிலேயே நின்று, யாரு சார் வேணும் என்று கேட்பான். ஆயுசு குறைந்தால் குறையட்டும், இருக்கிற ஆயுசையாவது சேர்ந்து இருந்து கழிப்போம் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

“சின்னச்சாமி” என்றேன். கல்யாணமாகி ஏழு வருடம். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, வராந்தாவில் பெஞ்சு அசைகிற ஓசை கேட்டது.

பள்ளிக்கூடத்திலேயே காலம் கழித்த மனுஷன், தன்னையறியாமல் நிமிர்ந்து கையைத் தூக்கிவிட்டார். “உள்ளேன் ஐயா.”

“நல்லகாமன்” என்றேன்.

பையன் கதவுப் பக்கம் திரும்பி, யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். இவர் போய் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அது உன் பெயர்தான் என்று காதில் சொன்னார். அவன் கையைப் பிடித்து மேலே தூக்கி, “உள்ளேன் ஐயான்னு சொல்லு” என்றார்.

அவன் இவரை ஏற இறங்கப் பார்த்தான். ஐயா என்றால் தான்தானே என்று யோசித்தானோ என்னவோ.

“உள்ளேன் அப்பா” என்றான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெர்மிட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பஸ் ஏறி வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த மனிதர் இரண்டு பெயரையும் இடம் மாற்றி எழுதி முத்திரையைக் குத்திவிட்டார்.