கர்னலின் ஈரக் கால்கள்

சேவல் கர்னலின் கால் மறுபடியும் ஈரமாக இருந்தது.

சுல்மீரா குனிந்து தொட்டுப் பார்த்தாள். கொயாஸ் மாநிலத்தில் மழை பெய்து மாதக்கணக்காகிறது. கொட்டகைத் தண்ணீர்ச் சட்டியில் ஏறி நின்றாலும் கர்னலுக்கு விரல்தான் நனையும். அவள் பள்ளிக்கூடச் சமையலுக்குப் போய்த் திரும்புவதற்குள் எவனோ அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறான். எவனோ என்ன எவனோ, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதெவால்டுதான். அவள் மகளுக்கு ஞானத்தந்தை; அந்த உறவில் அவள் அவனைக் கொம்பாத்ரி என்பாள், அவன் அவளைக் கொமாத்ரி என்பான். ஞானத்தந்தை என்றால் திருடமாட்டானா?

காலையும் கழுத்தையும் இழுத்துப் பிடித்து அளந்தால் கர்னல் ஒரு மீட்டரைத் தாண்டுவான், ராட்சத ஜாதி. வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டி வந்து ஜோடி சேர்க்கக் கேட்டும் அவள் கொடுக்கவில்லை. அவன் குஞ்சு முதலில் தன் வீட்டில்தான் பொரிக்க வேண்டும் என்று வீம்பு. பொரித்தால்தானே? அவள் பெட்டைகளும் அதே ஜாதி, அதே கனம். அடையில் உட்கார்ந்து முட்டையை நொறுக்கின. சின்னக் கோழிக்கு அடை வைக்கச் சொன்னார்கள். குட்டைக் கோழி வளர்த்த குஞ்சு என்று நாளைக்கு எவனாவது கேலி பேசுவானே என்று அவள் வைக்கவில்லை.

வேலியோரம் போய்க் கேட்டாள்.

"கொம்பாத்ரி, மத்தியானம் என் கொட்டகைப் பக்கம் வந்தீங்களா?"

"நானா? நான் தூங்கிட்டிருந்தேன், கொமாத்ரி."

"தூக்கத்துல நடக்கிற வியாதி ஏதும் இருக்கா?"

"இருந்தா உங்க வீட்டுக் காப்பி வாசனைக்குத்தான் நடந்து வருவேன்" என்று பல்லைக் காட்டினான். கண் மட்டும் அவளைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கொட்டகையின் கம்பிவலை முழுக்கத் தகரம் அடித்தாள். அவன் கண்கூடப் படக் கூடாது. கதவுக்குப் பூட்டும் போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பீன்ஸ் கிளறும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இன்றைக்கு நன்றாக ஏமாறுவான்.

திரும்பி வந்தபோது அதெவால்டு கொட்டகைக் கதவை உலுக்கிக்கொண்டிருந்தான். பூட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கர்னல் அலகைத் திறந்தபடி மூலையில் கிடந்தான். மடியில் தூக்கி வைத்தாள், கழுத்து தொங்கியது.

"இந்த வெயிலை இவ்வளவு பெரிய உடம்பு தாங்காது, கொமாத்ரி. தினமும் என் தொட்டித் தண்ணில நிக்க வைப்பேன்."

"அதைச் சொல்றதுக்கு என்ன வந்துச்சு?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"தண்ணிக்கு மட்டுமா கூட்டிட்டுப் போனீங்க?"

"முதல்ல தண்ணிக்கு மட்டும்தான். அப்புறம்... என் பெட்டைங்களும் அங்கேயே சுத்திட்டிருந்துச்சு."

ஆக, அவள் சந்தேகப்பட்டது சரிதான். அதற்காக அவனை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் தகரம் அடித்துப் பூட்டிக் கொன்றது அவள் கைதானே.

"முட்டை இருக்கா?"

"சின்னக் கோழிக்குக் கீழ அடை வச்சிருக்கேன். எல்லாம் உங்களோடதுதான். இப்பவே கொண்டாரேன்."

அவன் வேலிப் பக்கம் நடந்தான்.

"வேணாம்" என்றாள். "உங்ககிட்டயே இருக்கட்டும். என்கிட்ட வந்தா அதையும் பூட்டித்தான் வைப்பேன்."