தூண் மறைவு

காஞ்சிபுரத்தின் விளிம்பில் இருக்கும் அந்தோணியார் கோவிலில், பீடத்தை மறைக்கும் சுண்ணாம்புத் தூண்களைக் கண்டாலே சூசைநாதனுக்குப் பற்றிக்கொண்டு வரும். நூறு வருஷப் பழமையாம், மண்ணாங்கட்டி! பங்குப் பேரவையில் கத்தித் தீர்த்து, தூண்களை எடுத்துவிட்டு இரும்புக் கூரை போட எல்லோரையும் சம்மதிக்க வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை அளவெடுக்கப் போனார். அன்றைக்குத் தறிக்காரத் தெருப் பெண்களும் மெழுகுவத்தியோடு வருவார்கள். ஒரு தூணில், தரையில் உட்கார்ந்தவர் தலை உயரத்துக்கு, எண்ணெயும் குங்குமமும் அப்பியிருந்தன.

“யாருமா இப்படி அசிங்கம் பண்ணிக்கினு இருக்கறது?”

“நாங்கதாண்ணா,” என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த நெசவுக்கார வீட்டுத் துர்கா, கூசாமல். “இங்க சாஞ்சிக்கினு அழுதா யாருக்கும் தெரியாது. மெதுவா பேசுங்க, அந்தாண்ட ஒரு அக்கா அழுவுது.”

எட்டிப் பார்த்தார். அடுத்த தூணில் நெற்றியை வைத்து அவர் மனைவி பிலோமினா குலுங்கிக்கொண்டிருந்தாள். மகன் இறந்த பிறகு, வீட்டில் யாரும் அழக்கூடாது என்று கத்தியவர் அவர்தான்.

சட்டென்று பின்வாங்கினார். டேப்பைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, துர்கா நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, தூணில் தலையைச் சாய்த்தார்.