அடுத்த வருஷத்துக் கிளப்

வீப்ரன் என் கணவன். வாய் நீளம், மனசு சுத்தம் என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கால்பந்து ஆடிய காலத்தில் நாட்டின் பெரிய பிரிவில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் அவன். ஒரு முறை பந்து தன் கையில் பட்டதை நடுவர் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் தானே போய்ச் சொல்லிவிட்டான். பெனால்டி கொடுத்தார்கள், அணி தோற்றது, கூட ஆடியவர்கள் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். முழங்கால் போன பிறகு பயிற்சியாளர் ஆனான். பெரிய கிளப் எதுவும் கூப்பிடவில்லை. வாய் நீளம் என்றுதான் சொன்னேனே. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஊர் ஊராக, கிளப் கிளப்பாகப் போய், கடைசியில் கடல் அணையை ஒட்டிய ஓஸ்டர்ஹீமுக்கு வந்து சேர்ந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கால்வாய் உறையும் குளிரிலேயே பயிற்சியாளர்கள் அடுத்த வருஷத்துக்கு வேறொரு கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் கோடை வரும்வரை பழைய கிளப்பில்தான் வேலை. இதில் ஒளிவுமறைவு கிடையாது, கோபதாபமும் கிடையாது. லாங்கசைல் டவுன் கிளப்புக்குப் போகப்போகிறேன் என்று வீப்ரன் சொன்னதும் ஆட்டக்காரர்கள் கைகுலுக்கினார்கள். கிளப் கேன்டீனை நடத்தும் அஃப்கே கேக் வெட்டினாள். எனக்கும் வரிசையாக வந்து வாழ்த்துச் சொன்னார்கள், நான் என்னவோ பந்தை உதைத்துக் கிழித்தது மாதிரி.

வசந்தம் வந்தபோது பார்த்தால், ஓஸ்டர்ஹீமும் லாங்கசைலும் புள்ளிப் பட்டியலின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில், எங்கள் மைதானத்தில். தோற்கிற கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். சமனில் முடிந்தால் இறங்குவது நாங்கள். அதாவது, வீப்ரன் இந்த வருஷத்துக் கிளப்பைக் காப்பாற்றினால் அடுத்த வருஷத்துக் கிளப்பைக் கவிழ்க்க வேண்டும்.

"ஜெயிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டான், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே.

"லாங்கசைல் கீழ போவும். நீயே தள்ளி விட்டுட்டு, நீயே போய்த் தூக்கி விடணும்."

"தோத்தா?"

"வித்துட்டான்னு இந்த ஊர் சொல்லும். அஃப்கே உனக்குக் காப்பி ஊத்த மாட்டா."

"சரி, நான் யார் ஜெயிக்கணும்னு நினைக்கிறேன்?"

"அத என்கிட்ட கேக்குறியா?"

"நிஜமாத் தெரியல, ட்ரைன்."

எதைக் கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் கருத்துச் சொல்கிற மனுஷன் அவன். தெரியவில்லை என்று அவன் வாயிலிருந்து வந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு நின்னா இப்படித்தான். அன்னிக்கு வேற யாரையாவது நிக்கச் சொல்லேன்."

"பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

அதுவும் சரிதான்.

சனிக்கிழமை அணைப் பக்கமிருந்து நல்ல காற்று. எப்போதும் நான் பந்தைத்தான் பார்ப்பேன். அன்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை, கோட்டுக்கு வெளியே அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தான். முடிய கொஞ்ச நேரமே இருந்தபோது ஆளுக்கு ஒரு கோல். எங்களுக்கு இன்னொன்று விழுந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து யெல்மரை வெளியே கூப்பிட்டான். எங்கள் கோலைப் போட்டவனே யெல்மர்தான். அவனுக்குப் பதில் இறங்கியது ஹார்மன். மாடு கறக்கிறவன், நல்ல மனுஷன், ஆனால் அவன் திரும்புவதற்குள் எதிரணி மூன்று தடவை போய்விட்டு வந்துவிடும்.

கோச் முன்னால் கைகட்டி நிற்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

"என்ன எதுக்கு எடுக்குறே?" என்றான் யெல்மர்.

"நொண்டுறே."

"எவன் நொண்டுறான்? அடிபட்டது எப்பவோ. இப்ப ஓடிக்கிட்டுதான இருக்கேன். என்ன கோச், அடுத்த வருஷத்து நெனப்பு வந்துருச்சா?"

மைதானத்துக்கே கேட்டது. ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற வீப்ரன், "உக்காரு" என்று மட்டும் சொன்னான்.

யெல்மர் நொண்டினானா? நானும்தான் பார்த்தேன். ஒரு சமயம் காலை இழுத்த மாதிரி இருந்தது, மறுசமயம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கோல் வேண்டும் என்கிற நேரத்தில் கோல் போடுகிறவனை ஒருத்தன் எடுப்பானா? கால் போயிருந்தால் எடுப்பான். போகாவிட்டால்? யோசிக்க யோசிக்கத் தலைதான் சுற்றியது.

கடைசியில் ஒரு கார்னர். பந்து காற்றில் வளைந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்ற ஹார்மனின் தோளில் பட்டு உள்ளே போனது. கோல் என்று அவனுக்கே மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நடுவர் விசில் அடித்தார். லாங்கசைல் இறங்கியது.

கேன்டீனில் பீரும் பொரித்த இறைச்சி உருண்டையும் ஓடின. அஃப்கே வீப்ரனின் கன்னத்தில் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். யெல்மர் வந்து தோளில் கை போட்டான்.

"வாய விட்டுட்டேன், மனசுல வச்சுக்காத. அந்த நேரத்துல ஹார்மன எறக்குற மூளை உனக்குத்தான் வரும்."

லாங்கசைல் கிளப் தலைவர் மென்னோவும் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"எங்கள கவுத்துட்டியேப்பா. ஆனா இப்படி நேர்மையா ஒருத்தன்தான் எங்களுக்கு வேணும். கீழ்ப்பிரிவா இருந்தாலும் நீ வந்துரு."

வீப்ரன் தலையாட்டினான். கையில் எடுத்த உருண்டையைக் கடைசிவரை கடிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அணைமேல் எதிர்க்காற்று. இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"அவன் நொண்டினானா, ட்ரைன்?"

"நீதான கோச்."

"ஹார்மனக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கு. என்ன நெனச்சுக் கூப்பிட்டேன்னுதான் பிடிபடல. ஜெயிக்கவா, தோக்கவா?"

"ஜெயிச்சாச்சுல்ல. விடு."

"நீ இன்னிக்குப் பந்தப் பாக்கல. என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தே, எனக்குத் தெரியும். கோல் விழுந்தப்ப நான் என்ன பண்ணினேன்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் இவனோடு வாழ்ந்ததில் அந்தப் பழக்கம் எனக்கும் விட்டுப்போயிருந்தது.

"மென்னோவோட பெஞ்சத் திரும்பிப் பாத்தே."

"எப்படி?"

"மன்னிப்புக் கேக்குற மாதிரி."

அவன் நின்றுவிட்டான். நானும் நின்றேன்.

"அப்படின்னா?"

"அப்படின்னா என்னன்னு எனக்கும் தெரியல, வீப்ரன்."

"இத நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?" என்றான்.

பந்து கையில் பட்டதைப் போய்ச் சொல்ல அன்றைக்கு ஒரு நடுவராவது இருந்தார். இரண்டு ஊரிலும் அவனைத் திட்டுவதற்கு ஒரு ஆள்கூட மிச்சம் இல்லை.