பெடலில் காற்று

"காலை எடுக்காம இருக்கச் சொல்லு அவன," என்றான் அயூப், லாரிக்கு அடியிலிருந்து.

நசீரா வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் கதவருகே போனாள். "காலை எடுக்காம இரு தம்பி."

"எடுத்தாச்சு," என்றான் சுபுஹான், கண்ணாடிக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தபடி. "மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அடியிலிருந்து ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது. மறுபடியும் பிரேக் குழாய்க்குள் காற்று போய்விட்டது.

வீட்டுக்குள்ளே அத்தா குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிப் படுக்க வைக்கப்பட்டிருந்தார். குன்னூர் கபர்ஸ்தானில் குழி தோண்டி முடித்திருப்பார்கள். எஸ்டேட்டில் இவர்கள் சாதி சனம் நான்கைந்து வீடுதான்; அவ்வளவு தூரம் மலைப்பாதையில் தோள் மாற்றித் தூக்க ஆள் பத்தாது. துரை மனமிரங்கி லாரியைக் கொடுத்திருந்தார். லாரிக்கோ பிரேக் இல்லை. மிதித்தால் பெடல் பஞ்சு போலத் தரை வரைக்கும் போனது.

பத்து நாளாகவே அப்படித்தான். சுபுஹான் நாலு மிதி மிதித்து, பெடலை மேலே வரவழைத்து, அதை வைத்தே கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். அவன் சொல்லவில்லை. அயூப்புக்கும் தெரியும். "அவன் வந்து கேக்கட்டும்," என்று சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொன்னான். கண் மங்கியதும் அத்தா தன் ஓட்டுநர் வேலையை மூத்தவனுக்குக் கேட்காமல் இளையவனுக்குக் கேட்டு வாங்கிய நாளிலிருந்து, ஒரே கூரைக்குக் கீழே இந்தப் பேச்சில்லாத குடித்தனம். சோறும் சொல்லும் இருவருக்கும் நடுவே பிறந்த நசீராவின் கை வழியாகத்தான் போயின.

பார்த்துப் பார்த்து, இன்றைக்கு விடியும் முன்னே அத்தாவே எழுந்து போயிருக்கிறார். பெடலை ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு, தனியாளாகக் காற்றை எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். நசீரா போய்ப் பார்த்தபோது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஈரச் சரளை மேல், நெஞ்சைப் பிடித்த கையோடு கிடந்தார்.

கட்டை இன்னும் லாரிக்குள்ளேதான் கிடந்தது. சுபுஹான் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"தொடர்ந்து மிதிச்சா பெடல் ஏறுதான்னு கேளு."

"ஏறுதாம்ண்ணே."

"மிதிச்சுப் பிடிச்சா தானா எறங்குதா?"

"எறங்கலியாம்."

"எங்கயும் ஒழுகவும் இல்ல. அப்பக் காத்துதான்."

வேலை கடினமானதல்ல, பாருங்கள். ஒருவன் மேலே பெடலை அழுத்த வேண்டும். ஒருவன் கீழே சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்த வேண்டும். எண்ணெயோடு காற்று நுரைத்து வரும். திருகை மறுபடி இறுக்குகிற வரைக்கும் மேலே இருப்பவன் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். திருகில் மாட்டி எண்ணெய்க்குள் விடுகிற ரப்பர் குழாய் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். இந்த யுத்த காலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? ஆகவே அழுத்து, பிடி, விடு என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் பேசிக்கொள்ள வேண்டும். இங்கே 'பிடி' என்ற சொல் நசீராவின் காதுக்கு வந்து, வண்டியைச் சுற்றி, கதவை அடைவதற்குள் சுபுஹானின் கால் மேலே வந்துவிடுகிறது.

விளக்கெண்ணெய் வாடையடிக்கும் பிரேக் எண்ணெய் புட்டியில் கால்வாசிதான் மிச்சம்.

பக்கத்து லயத்து வீட்டுப் பேச்சியம்மா இலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பன் போயும் ரெண்டு பேருக்கும் வாய் தொறக்கல பாரு. இதுக்கு அந்த மனுசன் எந்திரிச்சு நடந்தே குழிக்குப் போயிருப்பாரு."

"உங்க வேலயப் பாருங்க," என்றான் சுபுஹான்.

"எங்கிட்டப் பேச வாய் இருக்குல்ல," என்றாள் அவள்.

தொழுகை நடத்த வந்திருந்த லெப்பை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். "மையத்தக் காக்க வைக்கக் கூடாது. பொழுது சாஞ்சு மகரிபு ஆகறதுக்குள்ள அடக்கிறணும்."

"அமுத்தச் சொல்லு," என்றான் அயூப்.

நசீரா நகரவில்லை. இந்த இரண்டு பேரும்தான் அத்தாவோடு இந்த வண்டியில் இறங்கப் போகிறார்கள். கீழே பாறை, அதற்குக் கீழே காட்டேரிப் பள்ளம். அடக்கத்துக்குப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. அவள் வீட்டில் இருக்க வேண்டியவள். வண்டி உருண்டால் இந்த வீட்டில் மிஞ்சுவது அவளும் ஆளில்லாத மூன்று தட்டுகளும்தான்.

"சொல்லு புள்ள."

"நான் சொல்ல மாட்டேன். அத்தா மொகத்தப் பாக்கணும்." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

முகத்தைப் பார்த்தாள். காதிலிருந்து பஞ்சு லேசாக வெளியே வந்திருந்தது. அதைச் சரிசெய்தபடியே வெளியே காது கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தகரக் கூரையில் பனி சொட்டியது. யாரோ இருமினார்கள்.

வெகுநேரம் கழித்து, "அமுத்து," என்றது அயூப்பின் குரல்.

ஓட்டுநர் சீட்டு கிறீச்சிட்டது.

"உன்னத்தான். அமுத்து."

"அமுத்தியாச்சு."

"பிடி. எடுத்தீன்னா கைய ஒடச்சுருவேன்."

"கால்ல அமுத்தறவன் கைய எதுக்கு ஒடைக்கற?"

"பிடிடா."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"... விடு."

பிறகு அந்த மூன்று சொற்களே வந்துகொண்டிருந்தன. சக்கரம் மாறும்போது மட்டும் வேறு சொற்கள்.

"சீட்டுல உக்காரத் தெரிஞ்சவனுக்கு, எண்ணெ கொறஞ்சா பாக்கத் தெரியாதா?"

"பாக்கறதுக்குத்தான் ஃபிட்டருக்குச் சம்பளம்."

"அத்தாவ அனுப்பினது நீ."

"நான் அனுப்பல. நீ போகல."

நசீரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுத்து," என்றான் அயூப்.

கடைசியில் சுபுஹான் சொன்னான்: "பெடல் கல்லு மாதிரி நிக்குது." யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியை நால்வர் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். மூத்தவன் தலைமாட்டில், இளையவன் கால்மாட்டில். அயூப்பின் சட்டை முதுகெல்லாம் சேறும் எண்ணெயும்.

"முன்னாடி உக்காருண்ணே," என்றாள் நசீரா.

"அந்த சீட்டு எனக்கு வேண்டாம்." பின்னால் ஏறி, சந்தூக்கின் பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சுபுஹான் முட்டுக் கட்டையை எடுத்து வெளியே நீட்டினான். நசீரா வாங்கிக்கொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கல்லை யாரோ உருவினார்கள். லாரி மெல்ல உருண்டது. வாசல் சரிவிலேயே ஒருமுறை மிதித்துப் பார்த்தான். நின்றது. பிறகு போனது.

உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து யாசீன் ஓதத் தொடங்கினார்கள். நசீரா கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் பாயில் அமர்ந்தாள். பனிக்குள் வண்டி தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. முதல் வளைவில் இஞ்சின் தணிந்தது, முனகியது, மறுபடி எழுந்தது. இரண்டாவது வளைவு. தேயிலைச் சரிவைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது.

"புள்ள, காலு மரத்துப்போச்சா?" என்றாள் பக்கத்திலிருந்த பேச்சியம்மா, மெதுவாக.

நசீரா கீழே பார்த்தாள். அவளுடைய வலது கால் பாயைத் தாண்டி, சாணித் தரையில் விரல் வெளுக்க அழுந்தியிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.